உங்களுக்குத் தெரியுமா? – தோராயமே இல்லாத எண்ணுலகம்

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் பாடத்தில் மட்டு எண்கணிதம் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் முதல் பாடமே அணிகள்தான். கோட்டக்குப்பத்திலும் வானூரிலும் திண்டிவனத்திலும் நம் பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியே படித்து, தனித்தனியே தேர்வெழுதிவிட்டுப் போகிறார்கள். இரண்டையும் இணைத்தால் எவ்வளவு பெரிய வாசல் திறக்கும் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. இந்தத் துணுக்குகள் அந்த வாசலைப் பற்றியவை: முடிவுறு களங்கள், அவற்றின் மேல் அமையும் மாட்யூல்கள், அவற்றைக் கணக்கிட்டுத் தரும் மென்பொருள்கள்.

◆ ஏழே ஏழு எண்களைக் கொண்டு கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கையும் செய்துவிடலாம். கிழமைகளை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று வெள்ளி என்றால் 15 நாள் கழித்துச் சனி. 15-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதுதான் காரணம். ஆகவே இந்த உலகில் 3 × 5 = 1. அப்படியானால் 1-ஐ 3-ஆல் வகுத்தால் விடை 5. பின்னம் இல்லை, தசமப் புள்ளி இல்லை. எதைச் செய்தாலும் விடை 0 முதல் 6 வரையிலான எண்களுக்குள்ளேயே வந்து நிற்கும். இத்தகைய அமைப்புக்கு முடிவுறு களம் என்று பெயர்.

◆ 2, 3, 4, 5, 7, 8, 9 என்ற அளவுகளில் முடிவுறு களங்கள் உண்டு. 6 உறுப்புகளோடு ஒன்றுகூட இல்லை. 10, 12-க்கும் கிடையாது. பகா எண்ணாகவோ பகா எண்ணின் அடுக்காகவோ இருக்கும் அளவுகளில் மட்டுமே களம் அமையும். ஒவ்வோர் அளவிலும் சாரத்தில் ஒரே ஒரு களம்தான்.

◆ பகா எண்ணின் அடுக்குகளுக்கும் களம் உண்டு என்பதை 1830-ல் எழுதிக் காட்டியவர் எவரிஸ்ட் கால்வா. அப்போது அவருக்கு வயது 18. துப்பாக்கிச் சண்டையில் காயம்பட்டு 1832 மே 31-ல் இறந்தபோது வயது 20. அவர் பிறந்த ஊர் பாரிஸுக்குத் தெற்கே உள்ள பூர்-லா-ரென். பிரான்சில் உறவுக்காரர்கள் உள்ள குடும்பங்கள் கோட்டக்குப்பத்தில் ஏராளம். பாரிஸ் விமான நிலையத்திலிருந்து அவர்கள் ஏறும் ஆர்இஆர் பி ரயில் நகரைத் தாண்டி அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அடுத்த முறை போகிறவர்கள் ஒரு நிமிடம் ஜன்னல் வழியே பாருங்கள்.

◆ கணினியிடம் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால், பெரும்பாலான நிரல்மொழிகளில் 0.30000000000000004 என்று வரும். தசம எண்களை இரும எண்களாக வெட்டி வைப்பதால் வரும் பிசிறு இது. ஆயிரம் வரிசை கொண்ட அணியில் இந்தப் பிசிறுகள் சேர்ந்து விடையையே கெடுத்துவிடக்கூடும். சரி, பின்னங்களாகவே வைத்துக்கொள்ளலாம் என்றால் தொகுதியும் பகுதியும் ஒவ்வொரு படியிலும் நீண்டு நினைவகத்தை நிரப்பிவிடும். முடிவுறு களத்தில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. எண் வளரவே வளராது. விடை எப்போதும் துல்லியம். அல்ஜீப்ரா மென்பொருள்கள் இந்தக் களங்களை இவ்வளவு விரும்புவதற்கு இதுவே முதல் காரணம். சிங்குலர் மென்பொருளின் எடுத்துக்காட்டுகளில் 32003 என்ற பகா எண்ணும், மெக்காலே2-வில் 101-ம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம்.

◆ மாட்யூல் என்பது என்ன? இந்தத் துணுக்குக்குத் தேவையான அளவில் சொல்கிறேன். முடிவுறு களத்து எண்களை வரிசையாக வைத்தால் ஒரு வெக்டர். அப்படிப்பட்ட எல்லா வெக்டர்களும் சேர்ந்தது ஒரு வெளி. அந்த வெளியை அசைக்கும் சில அணிகளையும் கூடவே கொடுத்துவிட்டால் அது மாட்யூல். எல்லா அணிகளும் அசைத்த பிறகும் தனக்குள்ளேயே அடங்கி நிற்கும் உள்வெளி எதுவும் உண்டா என்பதுதான் முதல் கேள்வி. உண்டென்றால் மாட்யூல் உடைகிறது. இல்லையென்றால் அது இனிப் பகுக்க முடியாதது.

ஒரு சிறிய எடுத்துக்காட்டைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். மூன்று இலக்க வெக்டர்கள். அசைவு என்பது இலக்கங்களை இடம் மாற்றுவது மட்டும். முதலில் 0, 1 மட்டும் உள்ள களம். 111 எப்படி மாற்றினாலும் 111 தான். இலக்கங்களின் கூட்டல் பூஜ்ஜியமாக உள்ள 000, 110, 101, 011 என்ற நான்கும் தங்களுக்குள்ளேயே சுற்றி வரும். இந்த இரண்டு துண்டுகளும் தெளிவாகப் பிரிகின்றன: 100 வேண்டுமா, 111-ஐயும் 011-ஐயும் கூட்டுங்கள்.

இப்போது 0, 1, 2 உள்ள களத்துக்கு வாருங்கள். இங்கே 1 + 1 + 1 = 0. ஆகவே 111 என்பதே கூட்டல் பூஜ்ஜியமாகும் துண்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே உள்வெளி இருக்கிறது, ஆனால் அதைத் தனியே பிரித்தெடுக்க வழியில்லை. அதே மூன்று இலக்கம், அதே இடமாற்றம். களம் மாறியதும் அமைப்பே மாறிவிட்டது! ரிச்சர்ட் பிரௌவர் 1930-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் உழைத்து வளர்த்த கோட்பாடு முழுவதும் இந்த முடிச்சிலிருந்துதான் கிளம்புகிறது. நம் கல்லூரி வகுப்புகளில் இந்த எடுத்துக்காட்டை ஒரு பத்து நிமிடம் கரும்பலகையில் போட்டால் எத்தனையோ பேருக்குக் கண் திறக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

◆ மூன்று இலக்கத்துக்குக் காகிதம் போதும். ஆயிரம் இலக்கத்துக்கு? அதற்காக ரிச்சர்ட் பார்க்கர் உருவாக்கியதுதான் மீட்ஆக்ஸ். 1984-ல் அவருடைய கட்டுரை அச்சில் வந்தது. வழி இது: கொடுத்த அணிகளைக் கண்டபடி கூட்டிப் பெருக்கி ஒரு புதிய அணியைச் செய்; அது பூஜ்ஜியமாக்கும் ஒரு வெக்டரைக் கண்டுபிடி; அந்த வெக்டரைக் கொடுத்த அணிகளால் மீண்டும் மீண்டும் அசைத்து, எதுவரை பரவுகிறது என்று பார். வெளி முழுவதும் பரவாமல் நின்றுவிட்டால் உள்வெளி சிக்கிவிட்டது. எப்போதும் முழுவதும் பரவினால், மாட்யூல் பகுக்க முடியாதது என்று நிரூபிக்க சைமன் நார்ட்டன் ஒரு சோதனை தந்தார். எல்லா வெக்டர்களையும் சோதிக்க வேண்டியதில்லை. அந்த ஓர் அணி பூஜ்ஜியமாக்கும் வெக்டர்களையும், அணிகளை நிரை நிரல் மாற்றி எழுதிய பக்கத்தில் ஒரே ஒரு வெக்டரையும் சோதித்தால் போதும்.

சீரற்ற தேர்வை நம்பி ஓடும் வழி இது. ஆனாலும் வரும் விடை நிரூபணத்தோடு வருகிறது. அதிர்ஷ்டம் இல்லையென்றால் நேரம் கூடுமே தவிர, விடை தவறாது. 1994-ல் டெரெக் ஹோல்ட்டும் சாரா ரீஸும் இதைச் செம்மைப்படுத்தினார்கள். கேப் மென்பொருளில் இன்று ஓடுவது அந்த வடிவமே.

◆ தமக்குள் பெருக்கினாலும் நேர்மாறு கண்டாலும் வெளியே போகாத உறுப்புகளின் தொகுப்பைக் குலம் என்பார்கள். 1976-ல் கணிதர் ஸ்வோனிமிர் யாங்கோ ஒரு புதிய குலம் இருக்க வேண்டும் என்று கணித்தார். அதன் உறுப்புகளின் எண்ணிக்கை 86,775,571,046,077,562,880. அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? 1980-ல் கேம்பிரிட்ஜில் நார்ட்டன், பார்க்கர், கான்வே, பென்சன், தாக்ரே ஆகியோர் அதைக் கணினியில் கட்டிக் காட்டினார்கள். 0, 1 மட்டும் நிரம்பிய 112 × 112 அணிகளாகவே அந்தக் குலத்தை அங்கே எழுதிவிட முடிந்தது. ஓர் அணிக்கு 12,544 கட்டங்கள். இன்றைய கைப்பேசிப் புகைப்படம் ஒன்றில் அடங்கும் தகவலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

◆ 0, 1 களத்தில் கணினிக்கு ஒரு பெரும் வசதி. ஓர் எண்ணுக்கு ஒரு பிட் போதும். ஆகவே 64 எண்களை ஒரே கணினிச் சொல்லில் அடுக்கி, ஒரே கட்டளையில் 64 கூட்டல்களையும் முடித்துவிடலாம். அணிப் பெருக்கலுக்கு ‘நான்கு ரஷ்யர்கள் முறை’ என்று ஒன்றும் உண்டு. 1970-ல் சோவியத் நாட்டைச் சேர்ந்த நால்வர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. சில நிரைகளின் எல்லாக் கூட்டுகளையும் முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்துக்கொண்டு எடுத்தெடுத்துப் போடுவதுதான் அதன் சூட்சுமம்.

◆ 0, 1 களத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய சதுர அணியை நிரப்பினால், அதற்கு நேர்மாறு இருக்க வாய்ப்பு 100-க்குச் சுமார் 29. 2 × 2 அணிகள் மொத்தம் 16. அவற்றில் நேர்மாறு உள்ளவை 6. 3 × 3-ல் 512-க்கு 168. அணி எவ்வளவு பெரிதானாலும் வாய்ப்பு அந்த 29-க்குக் கீழே இறங்குவதில்லை.

◆ இதெல்லாம் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் நடப்பது என்று நினைத்துவிடாதீர்கள். கோட்டக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அல்லாடி ராமகிருஷ்ணனின் முயற்சியால் 1962-ல் தொடங்கியது. அங்கே பேராசிரியராக உள்ள அம்ரிதான்ஷு பிரசாத், சேஜ்மேத் மென்பொருளுக்கு 2013-ல் ஒரு பகுதியை எழுதிச் சேர்த்தார். முடிவுறு களத்தின் மேல் அமையும் அணிகளை ஒத்த வகுப்புகளாகப் பிரித்து எண்ணும் நிரல் அது.

ஒத்த அணிகள் என்றால் ஒரே அசைவை வெவ்வேறு அச்சுகளிலிருந்து எழுதியவை. ஒவ்வொரு வகுப்பும் ஒரு மாட்யூல் வகை: களத்தின் மேல் ஒற்றை மாறி கொண்ட பல்லுறுப்புக்கோவைகள் ஒரு வெளியை எத்தனை விதமாக அசைக்கலாம் என்ற கேள்விக்கும், எத்தனை ஒத்த வகுப்புகள் உண்டு என்ற கேள்விக்கும் விடை ஒன்றே. களத்தின் அளவை ‘க’ என்று வைத்துக்கொண்டால் விடைகள் இப்படி வரும்:

2 × 2 அணிகளுக்கு க² + க
3 × 3 அணிகளுக்கு க³ + க² + க
4 × 4 அணிகளுக்கு க⁴ + க³ + 2க² + க

க = 2 என்று போட்டுப் பாருங்கள். 4 × 4 அணிகள் மொத்தம் 65,536. உண்மையில் வேறுபட்ட வகைகள் வெறும் 34. 5 × 5-க்குப் போனால் மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அணிகள். வகைகள் 74 மட்டுமே. கோடிக்கணக்கில் குவிந்து கிடப்பதை எழுபத்து நான்காக அடுக்கிக் காட்டுகிறதே, அதுதான் மாட்யூல் கோட்பாட்டின் அழகு. அந்த நிரல் இன்று உலகில் சேஜ்மேத்தை நிறுவும் ஒவ்வொருவரின் கணினிக்கும் போய்ச் சேருகிறது. தரமணியில் எழுதியது!

◆ மேலே உள்ள வாய்பாடுகளின் கெழுக்களை மட்டும் கூட்டுங்கள்: 2, 3, 5. அடுத்தது 7, அதற்கடுத்தது 11. பகா எண் வரிசை என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்து வருவது 15. இவை பிரிவினை எண்கள். 4-ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாகப் பிரிக்கலாம் அல்லவா, அந்த 5 தான் இங்கே வந்து நிற்கிறது. இரண்டு துண்டாகப் பிரிக்கும் வழிகள் இரண்டு. அதனால்தான் க²-க்கு முன்னால் 2. ஹார்டியோடு சேர்ந்து 1918-ல் பிரிவினை எண்களுக்கு வாய்பாடு தந்தவர் ராமானுஜன். 4, 9, 14, 19 என்று ஐந்து ஐந்தாகத் தாவும் எண்களின் பிரிவினை எண்கள் அத்தனையும் 5-ஆல் வகுபடும் என்று நிறுவியவரும் அவரே. நான்கின் பிரிவினைகள் 5, ஒன்பதுக்கு 30, பதினான்குக்கு 135.

◆ அந்த ராமானுஜன் 1910-ல் தம் குறிப்பேடுகளோடு கும்பகோணத்திலிருந்து ரயிலேறி வந்திறங்கிய ஊர் நம் விழுப்புரம். அங்கிருந்து திருக்கோவிலூர் போனார். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் தோற்றுவித்த வி. ராமசுவாமி ஐயர் அப்போது அங்கே துணை ஆட்சியர். கீழ்நிலை வேலை ஒன்று கேட்டு வந்த இளைஞரின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த அவர், வருவாய்த் துறையில் இந்தத் திறமையை முடக்க மனமின்றிச் சென்னையில் இருந்த கணித அன்பர்களிடம் அனுப்பிவைத்தார். விழுப்புரம் ரயில் நிலையத்தைக் கடக்கும் ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

◆ காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி, சென்னை லயோலா கல்லூரியில் பிரெஞ்சுப் பாதிரியார் சார்ல் ரசீனிடம் கணிதம் பயின்றவர். 1955-ல் ழான்-பியர் செர் ஒரு கேள்வி எழுப்பியிருந்தார். பல்லுறுப்புக்கோவைகள் அசைக்கும் மாட்யூல்களில், அடிக்கணம் உள்ள ஒன்றின் நேர்த் துண்டாக அமையும் மாட்யூலுக்குத் தனக்கும் அடிக்கணம் இருந்தே தீருமா? இரண்டு மாறிகளுக்கு ‘ஆம்’ என்று 1958-ல் நிறுவியவர் சேஷாத்ரி. எல்லா மாறிகளுக்கும் 1976-ல் குவில்லனும் சுஸ்லினும் தனித்தனியே முடித்தார்கள். அந்த அடிக்கணத்தைக் கைமேல் எடுத்துத் தரும் தொகுப்பு ஒன்று மெக்காலே2-வில் இருக்கிறது. இன்று சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம் சேஷாத்ரி 1989-ல் தொடங்கியது.

அதே லயோலா, அதே ரசீன். வட ஆர்க்காட்டுத் தண்டரையிலிருந்து வந்த எம். எஸ். நரசிம்மனும் அங்கேதான் படித்தார். 1975-ல் அவரும் ஜெர்மனியின் ஹார்டரும் ஒரு வியப்பான வேலை செய்தார்கள். தொடர்ச்சியான ஒரு வடிவத்தில் எத்தனை பரிமாணத்தில் எத்தனை ஓட்டைகள் உள்ளன என்று அறிய, முடிவுறு களத்துக்குப் போய்ப் புள்ளிகளை எண்ணினார்கள். எண்ணிக்கை வந்ததும் வடிவம் தெரிந்துவிட்டது.

◆ டீக்கடை மேசையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீடு 256 உறுப்புகள் கொண்ட களத்தில் வேலை செய்கிறது. 1960-ல் ரீடும் சாலமனும் தந்த முறை. டீ சிந்திக் கறைபட்டாலும் ஓரம் கிழிந்தாலும் பணம் போய்ச் சேர்வதற்கு அந்தக் களத்தில் நடக்கும் பல்லுறுப்புக்கோவைக் கணக்கே காரணம். மிக உறுதியான நிலையில் சுமார் 30 விழுக்காடு அழிந்தாலும் மீட்டுவிடும். க்யூஆர் வந்த ஆண்டு 1994. டென்சோ வேவ் என்ற ஜப்பானிய நிறுவனம் உருவாக்கியது.

◆ குவாண்டம் கணினிகள் வந்தாலும் உடையாதபடி அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்ட் 13-ல் வெளியிட்ட மறையாக்கத் தரத்துக்கு எம்எல்-கெம் என்று பெயர். அதன் முதல் எழுத்தே மாட்யூலைக் குறிப்பது. பயன்படும் களத்தின் அளவு 3329. இந்த எண்ணைத் தேர்ந்தது சும்மா அல்ல: 3329 = 13 × 256 + 1. இப்படி இருந்தால்தான் 256 கெழுக்கள் கொண்ட கோவைகளை மின்னல் வேகத்தில் பெருக்கும் உத்தி செல்லும். 512, 768, 1024 என்று மூன்று வகை. இரண்டு, மூன்று, நான்கு கோவைகளை வரிசையாக அடுக்குவதால் வரும் எண்கள் இவை. கூகுள் குரோம் இப்போதே 768 வகையைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. உங்கள் கைப்பேசியில் மாட்யூல் கணக்கு ஓடிக்கொண்டிருக்கலாம்.

◆ 232 இலக்கங்கள் கொண்ட ஆர்எஸ்ஏ-768 என்ற எண்ணை 2009 டிசம்பரில் காரணிப்படுத்தினார்கள். அதன் இறுதிக் கட்டத்தில் தீர்க்க வேண்டியிருந்தது 0, 1 களத்தில் ஏறக்குறைய 19 கோடியே 30 லட்சம் நிரைகள் கொண்ட ஓர் அணி. பன்னிரண்டாம் வகுப்பில் மூன்று சமன்பாட்டை ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டு வருகிறோமே, அதே குடும்பத்துக் கணக்குதான்.

◆ முடிவுறு களத்திலும் மாட்யூலிலும் கணக்குப் போட்டுத் தரும் கேப் மென்பொருளுக்கு விலை எவ்வளவு? ஒன்றுமில்லை. 1986-ல் ஜெர்மனியின் ஆகன் நகரில் யோவாகிம் நாய்ப்யூசர் தொடங்கியது. 1997-ல் ஒருங்கிணைப்பு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போனது. ஒரு தேற்றத்தை நூலகத்தில் படித்துவிட்டு வாழ்நாள் முழுக்க இலவசமாகப் பயன்படுத்துகிறோம், நிரூபணத்தையும் சரிபார்க்கிறோம். மென்பொருளுக்கு மட்டும் காசு கேட்பதும் உள்ளே நடப்பதை மூடி வைப்பதும் கணிதத்துக்கு ஒவ்வாது என்பது நாய்ப்யூசரின் உறுதியான நிலை. 2005-ல் வில்லியம் ஸ்டைன் தொடங்கிய சேஜ்மேத்தும் அதே வழி. கேப், சிங்குலர், பிரான்சின் போர்தோவில் பிறந்த பாரி ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் கொண்டு வந்தது. நிறுவ இடமில்லை என்றால் சேஜ்மேத்செல் பக்கத்தில் கைப்பேசியிலிருந்தே ஓட்டலாம். விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் கேட்காத ஆராய்ச்சித் துறை இது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நியாயமான களம் எங்கே கிடைக்கும்?

◆ கடைசியாக, இன்னும் தீராத ஒன்று. மூலைவிட்டத்தில் எல்லாம் 1, அதற்குக் கீழே எல்லாம் 0, மேலே எது வேண்டுமானாலும் என்று உள்ள மேல் முக்கோண அணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அணிகளைக் கொண்டே அச்சு மாற்றி ஒன்றை மற்றொன்றாக எழுத முடிந்தால் இரண்டும் ஒரே வகுப்பு. களத்தின் அளவு ‘க’ என்றால், 3 × 3-க்கு வகுப்புகளின் எண்ணிக்கை க² + க – 1. எல்லா அளவுக்கும் இப்படிப் பல்லுறுப்புக்கோவையாகத்தான் வருமா என்று 1960-ல் கிரஹாம் ஹிக்மன் ஆராய்ந்தார். கணினியால் 13 × 13 வரை ‘ஆம்’ என்று 2003-ல் தெரிந்தது. 2015-ல் பாக்கும் சாஃபரும் அதை 16 வரை நீட்டினார்கள். ஆனால் 59 × 59-ல் இது உடைந்துவிடும் என்பது அவர்கள் இருவரின் ஊகம். 17 × 17-க்குப் போக இன்னும் நல்ல வழிமுறை வேண்டும்.